மிஸ்ஸிடம் கேளுங்கள்: கறிப்புலே தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாதா?

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதில் வரும் கேள்விகளை எழுதும்படி போன இதழில் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் சொல்லியிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதி கிரியோலில் (மொரீஷியஸில் நாம் அன்றாடம் பேசும் மொழி), சில பிரெஞ்சில், ஏழெட்டு மட்டும் தமிழில். எல்லாவற்றையும் தமிழாக்கிச் சுருக்கித் தந்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. மொரீஷியஸ் தொடக்கப் பள்ளிகளில் 34 வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மொழிப் பாட நேரம் வந்ததும் வகுப்பு கலையும். இந்திப் பிள்ளைகள் ஒரு பக்கம், உருது ஒரு பக்கம், தெலுங்கு, மராத்தி, கிரியோல் என்று ஆளுக்கொரு அறை தேடிப் போவார்கள். நானும் தோளில் பையோடு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். எனக்கென்று ஓர் அறை இருந்த வருஷங்கள் ஆறோ ஏழோதான். அந்தப் பையும் அந்தப் பிள்ளைகளும் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: நான் மூன்றாவது வருஷமாகத் தமிழ் ஆசிரியை. டிப்ளமோ முடித்துவிட்டேன். கூப்பிட்ட பயிற்சிகளுக்கெல்லாம் போகிறேன். சான்றிதழ்கள் ஃபைலில் ஏறிக்கொண்டே இருக்கின்றன, பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள். நான் இனி எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், மிஸ்?
— ஒரு வாசகி, ரோஸ் பெல்

தங்கச்சி, "பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள்" என்ற வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். மூன்றாவது வருஷத்திலேயே இது உங்களுக்கு உறுத்துகிறது. எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று.

பதினோராவது வருஷம் குளிர்கால விடுமுறையில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். தமிழ், இந்தி, உருது ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே அறையில். பயிற்சி தர வந்த அம்மாள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராக மண்டரின் பாடத்தை ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரம். கிரியோலில் ஒரு சொல் கிடையாது, பிரெஞ்சும் கிடையாது. 'மா' என்ற ஒரே ஒலியை நான்கு விதமாக இழுத்தார். ஒரு விதத்தில் சொன்னால் அம்மா, இன்னொரு விதத்தில் சணல், மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுவது. என்னை எழுப்பினார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பலகையில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டார். மறுபடி சொன்னேன், மறுபடி சிவப்பு. மூன்றாவது சிவப்புக்கு அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரும்பு லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் கடைசி வரிசைப் பையன்கள் செய்கிற அதே காரியம்.

அரை மணி முடிந்ததும் அவர் பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். விளக்கம் எதுவும் தரவில்லை. எங்களில் யாருக்கும் அது தேவையாகவும் இருக்கவில்லை.

பள்ளி திறந்ததும் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்தேன். நாலாம் வகுப்பு, 19 பிள்ளைகள். அவர்களில் 14 பேர் ஒரே தவறைச் செய்திருந்தார்கள்: 'அவன் மாம்பழம் சாப்பிட்டேன்', 'அம்மா மாம்பழம் சாப்பிட்டேன்', 'நாங்கள் மாம்பழம் சாப்பிட்டேன்'. அத்தனைக்கும் நான் சிவப்பு போட்டிருந்தேன். வருஷக்கணக்காகப் போட்டுவந்தேன். 14 பேர் ஒரே மாதிரி தவறுகிறார்களே, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ராத்திரி மேசையில் உட்கார்ந்து அதே வாக்கியங்களைக் கிரியோலில் சொல்லிப் பார்த்தேன். மோ தி மான்ஸ் என் மாங். லி தி மான்ஸ் என் மாங். நூ தி மான்ஸ் என் மாங். நானோ, அவனோ, நாங்களோ, யார் சாப்பிட்டாலும் 'மான்ஸ்' அசைவதில்லை. வீட்டில் கிரியோல் பேசுகிற பிள்ளைக்கு வினைச்சொல் என்பது அசையாத பொருள். 'சாப்பிட்டேன்' என்று முதலில் படித்தான், அதையே எல்லோருக்கும் மாட்டிவிட்டான். அவன் தன் மொழியின் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். சோம்பல் என்று நான் எழுதியது அநியாயம்.

மறுநாள் புத்தகத்தை மூடினேன். பழைய காலண்டர் அட்டைகளில் 'ஏன்', 'ஆய்', 'ஆன்', 'ஆள்', 'ஓம்' என்று எழுதி, பிள்ளைகளை வட்டமாக நிறுத்தினேன். ஒருவன் நடுவில் நின்று 'சாப்பிட்ட்' என்று பாதியில் நிறுத்தி யாரையாவது காட்டவேண்டும். தன்னைக் காட்டினால் எல்லோரும் 'ஏன்' அட்டையைத் தூக்கவேண்டும், பக்கத்துப் பெண்ணைக் காட்டினால் 'ஆள்'. இதற்கு வால் விளையாட்டு என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். மூன்று வாரம் விளையாடினோம். அதன்பின் அந்தத் தவறு நாலு நோட்டுகளில்தான் மிஞ்சியது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் ரெதுயியில் எம்ஐஇ என்ற மொரீஷியஸ் கல்வி நிறுவனத்திலும் நடக்கும் பயிற்சிகளை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். அங்கே கற்ற இலக்கணம் இல்லாவிட்டால் அந்த ராத்திரி 'ஏன், ஆய், ஆன்' எனக்குப் பிடிபட்டிருக்காது. ஆனால் கேள்வியோடு போகிறவருக்குத்தான் பயிற்சி பதில் தரும். அந்தக் கேள்வி உங்கள் பிள்ளைகளின் நோட்டில் இருக்கிறது. ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு தவறை எழுதுங்கள். எந்தப் பிள்ளை, என்ன எழுதினாள், என்ன நினைத்து எழுதினாள். மூன்றாவதை அவளிடமே கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து, கிரியோலிலேயே கேளுங்கள். "ஏன் இப்படி எழுதினாய்?" என்று நின்றபடி கேட்டால் பயந்துபோவாள். "இதை எப்படி யோசித்தாய், எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். நான் அப்படி நிரப்பிய நோட்டுகள் 16. அலமாரியில் இருக்கின்றன. சான்றிதழ் ஃபைல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கேள்வி: தமிழ் வகுப்பில் கிரியோல் பேசலாமா? பேசக்கூடாது என்று ஒரு சக ஆசிரியர் சொல்கிறார்.
— ஓர் ஆசிரியர், மாயெபூர்

பேசலாம். பயந்த பிள்ளையைத் தேற்ற, விளையாட்டின் விதியைச் சொல்ல, 'அசையாத மான்ஸ்' போன்ற ஒன்றை ஒப்பிட்டுக் காட்ட. ஆனால் 'உட்கார்', 'எழுந்திரு', 'கதவைச் சாத்து', 'தண்ணீர் குடித்துவிட்டு வா' இவற்றைத் தமிழிலேயே சொல்லுங்கள். நாள்தோறும் வருவதால் அவை தாமாகவே படிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாள் முழுக்கத் தமிழ் காதில் விழுகிற ஒரே நேரம் உங்கள் பாடவேளைதான்.

கேள்வி: என் மகள் மூன்றாம் கிரேடு. தமிழ் கஷ்டம் என்று அழுகிறாள். கிரியோல் பாடத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். "தமிழை விட்டுவிடப் போகிறாயா" என்று மாமியார் என்னோடு பேசுவதில்லை. நான் செய்வது தப்பா?
— ஒரு தாய், காத்ர் போர்ன்

தப்பு என்ற பேச்சே வேண்டாம் அம்மா. 2012-ல் கிரியோல் தொடக்கப் பள்ளிக்குள் பாடமாக வந்தபோது நம்மவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். நான் சந்தோஷப்பட்டேன். பிள்ளை வீட்டில் பேசுகிற மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் மரியாதை கிடைத்தது நல்லதுதான். உங்கள் மகள் மாறிப் போனாலும் அவள் தமிழ்ப் பிள்ளைதான். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆனால் முடிவு எடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். கஷ்டம் என்றால் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி மூன்று மாதம் அழுதாள். எழுத்து கடினம் என்று நான் நினைத்தேன், அவள் அம்மாவும் அதையே நினைத்தார். ஒருநாள் சிற்றுண்டி நேரத்தில் மெதுவாகக் கேட்டேன். மொழி நேரம் வந்தால் அவளுடைய தோழி வேறு அறைக்குப் போய்விடுகிறாள், அங்கே பாட்டுச் சத்தம் கேட்கிறது, தான் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் சங்கதி. எழுத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நானும் பாட்டு ஆரம்பித்தேன். அவள் வருஷம் முழுக்க வந்தாள்.

உங்கள் மகளின் மிஸ்ஸோடு பேசுங்கள். புகாராக வேண்டாம். "வீட்டில் இப்படிச் சொல்கிறாள், வகுப்பில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியை என்றால் அந்தக் கேள்விக்கு உங்களுக்கு நன்றி சொல்வாள்.

இன்னொன்று. சனிக்கிழமை அவளைச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். என் பிள்ளைகளை நான் ரோஸ் ஹில் சந்தைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். காய்கறிக் கடைக்காரர் என்னவெல்லாம் கூவுகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். கறிப்புலே, கொத்தொமிலி, முரும், பிப்பங்காய். கறிவேப்பிலை, கொத்துமல்லி, முருங்கை, பீர்க்கங்காய். இந்தத் தீவில் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவரும் இவற்றைச் சொல்லித்தான் வாங்குகிறார். கரும்புத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள் வாயில் கொண்டுவந்த சொற்கள், எல்லோருடைய அடுக்களையிலும் புகுந்துவிட்டன. திரும்பி வந்து நூறு ரூபாய் நோட்டை அவள் கையில் கொடுங்கள். நம் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டு. அதில் ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ் எழுத்து இருக்கிறது, படிக்கச் சொல்லுங்கள். 1998-ல் இந்த வரிசையை மாற்றித் தமிழைக் கீழே இறக்கி அச்சடித்த நோட்டுகளை, நம் மக்கள் எதிர்த்த பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாமியாருக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். பேத்தியிடம் அவரே சொல்லட்டும், இருவருக்கும் பேச்சு வரும்.

கறிப்புலே சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று அவள் மனதில் யாரோ போட்டுவிட்டார்கள். முதலில் அதை எடுத்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். இப்போது டேப்லெட்டில் பாடம் நடத்து, புதிய முறையைப் படி என்கிறார்கள். என் மகன் வயதுக்காரர் வந்து எனக்குக் கற்பிக்கிறார். இந்த வயதில் இதெல்லாம் அவசியமா?
— ஓர் ஆசிரியர், ஃபிளாக்

ஐயா, உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வாகச் சிபிஇ இருந்த காலத்திலும் பாடம் நடத்தி, 2017-ல் அதன் இடத்தில் பிஎஸ்ஏசி வந்தபோதும் நடத்தி, பாடப்புத்தகங்கள் மாறுவதையெல்லாம் பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறவர் முதலில் உங்களிடம் பத்து கேள்வி கேட்டிருக்கவேண்டும். கேட்காதது அவருடைய குறை.

டேப்லெட்டை நான் அவசியம் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். எழுத்தின் சுழியை விரலால் இழுத்துப் பார்க்க அது உதவினால் பத்து நிமிஷம் கொடுங்கள், பிறகு வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் வயதைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு என் கதை. எனக்கு 53 வயதில் பயிற்சிக்காக ஓர் இளம்பெண் என் வகுப்பில் வந்து பின்னால் உட்கார்ந்தாள். பாடம் முடிந்ததும் தயங்கித் தயங்கி ஒரு தாளைக் காட்டினாள். நான் கேள்வி கேட்டபின் எத்தனை நேரம் காத்திருக்கிறேன் என்று குறித்திருந்தாள். ஒரு விநாடி. சில நேரம் அதுகூட இல்லை. கேட்ட கையோடு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறேன், அல்லது பதிலை நானே சொல்லிவிடுகிறேன். முகம் சிவந்துபோயிற்று எனக்கு. அவள் படித்ததைச் சொன்னாள்: அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவுசெய்து இதையே கண்டிருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள்.

மூன்று விநாடி, ஐயா. கருவி வேண்டாம், காசு வேண்டாம். மறுநாள் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் "முருகா, முருகா, முருகா" என்று சொல்லிக் காத்திருந்தேன். முதல் வாரம் அந்த அமைதி தாங்கமுடியாமல் இருந்தது. இரண்டாம் வாரம் வலது மூலையில், அந்த வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பையன் "வெண்டைக்காய்" என்றான். கேள்விக்கு அதுதான் பதில்.

நம் தமிழில் பதில் சொல்வதற்குப் பிள்ளை எத்தனை வேலை செய்யவேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கேள்வியைக் கிரியோலுக்கு மாற்றவேண்டும், பதிலைக் கிரியோலில் யோசிக்கவேண்டும், தமிழ்ச் சொல்லைத் தேடவேண்டும், வினையைக் கடைசிக்குத் தள்ளவேண்டும், அதற்கு வால் ஒட்டவேண்டும். ஒரு விநாடியில் யாரால் முடியும்? உங்களிடம் இன்னும் இரண்டு வருஷத்துப் பிள்ளைகள் வரப்போகிறார்கள். அவர்களுக்கு நீங்கள்தான் அந்த வருஷத்தின் ஒரே தமிழ் ஆசிரியர்.

கேள்வி: எங்கள் காலத்தில் ரூலரால் கையில் வாங்கித்தான் படித்தோம், நன்றாகவே படித்தோம். இப்போது ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தடவிக்கொடுக்கிறார்கள். கண்டிப்பு இல்லாமல் மொழி வருமா?
— ஒரு தகப்பனார், போர்ட் லூயி

அடிக்கக்கூடாது என்பது சட்டம். 2020-ல் நிறைவேறி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சிறுவர் சட்டம், அடிப்பதை மட்டுமல்லாமல் பிள்ளையை இழிவுபடுத்தித் திருத்துவதையும் தடுக்கிறது. இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை.

நான் யாரையும் அடித்ததில்லை. ஆனால் என் ஆரம்ப வருஷங்களில் ஒரு பையன் எழுதிய கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். 'என் தாத்தா' என்ற தலைப்பு. 'தாத்தா இறந்தார்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'தாத்தா இருந்தார்' என்று எழுதியிருந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அவன் தாத்தா அந்த மாதம்தான் போயிருந்தார். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அவன் அப்புறம் என் வகுப்பில் ஒரு முழு வாக்கியம் எழுதவே இல்லை. 'மாடு புல் தின்னும்' அளவுக்கு மேல் போகவில்லை. அவன் இன்று வளர்ந்து பெரியவனாகியிருப்பான். இதைப் படித்தால், என்னை மன்னித்துவிடு மகனே.

நீங்கள் ரூலரால் படித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் கிரியோலில் வந்தது, ஐயா. உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த ரூலரைக் கீழே வைத்திருந்தால் இன்று தமிழில் எழுதியிருப்பீர்களோ என்று ஏக்கமாக இருக்கிறது.

கேள்வி: ஊர்க் கோவிலில் மாலை வகுப்பில் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு வயதுப் பெண் ஒருத்தி நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு ஆசிரியர் பயிற்சி கிடையாது. என்ன செய்வது?
— ஒரு தொண்டர், கூட்லண்ட்ஸ்

முதலில், உங்களுக்கு என் வணக்கம். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து விளக்கடியில் அகரம் எழுதிக்காட்டுகிறவர்களால்தான் இந்த மொழி இங்கே இத்தனை தலைமுறை நின்றது.

பேசவில்லை என்றால் கற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் மொழியைக் கேட்கிற பிள்ளைகளில் சிலர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவளைப் பேசவைக்க முயலாமல், செய்யவையுங்கள். "எழுந்து நில். சாமிக்குப் பூ வை. மணியைத் தொடு. இரண்டு வாழைப்பழம் கொண்டு வா." ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் இந்த வழியை முறையாக்கினார்: கட்டளை கேட்டு உடல் செய்யட்டும், வாய்க்கு அவசரமில்லை. முதலில் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள், பிறகு அவளை மட்டும் செய்யச் சொல்லுங்கள். கோவிலைவிட இதற்கு நல்ல இடம் கிடையாது, தொடவும் எடுக்கவும் அத்தனை பொருள் இருக்கிறது. ஐந்து கட்டளைகளைச் சரியாகச் செய்தாள் என்றால் அவளுக்குப் புரிகிறது. அதை அவள் அம்மாவிடம் சொல்லுங்கள்.

செய்யவும் தடுமாறினால் காதைக் கவனியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் தேங்கிக் கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். வீட்டில் பழகிய பேச்சு புரிந்துவிடும், புதிய மொழியின் ஒலிகள் கலங்கிப் போகும். டிஸ்பான்சேருக்கு (அரசு மருத்துவ நிலையத்துக்கு) அழைத்துப் போகச் சொல்லுங்கள், காசு கிடையாது. வீட்டில் சளசளவென்று பேசுகிறாள், பகல் பள்ளியிலும் எந்த மொழியிலும் வாய் திறப்பதில்லை என்றால், அது வேறு விஷயம். பள்ளி மூலமாக உளவியலாளரைப் பார்க்கவேண்டும். வெட்கம் என்று சொல்லி வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள்.

தைப்பூசத்துக்கு முந்திய பத்து நாள் விரதத்தில் அவளைக் கவனித்துப் பாருங்கள். வீட்டில் யாராவது காவடி எடுத்தால், அந்த நாட்களில் பிள்ளைகள் கண்ணும் காதுமாக இருப்பார்கள். 'வேல்', 'மயில்', 'பால்குடம்'. என் வகுப்பில் வாய் திறந்த மூன்று பேர் அந்த வாரத்தில்தான் திறந்தார்கள்.

கேள்வி: என் பள்ளியில் நான் ஒருத்திதான் தமிழ் ஆசிரியை. என் பாடத்தைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் நன்றாக நடத்துகிறேன் என்று எனக்கே தோன்றுகிறது.
— ஒரு வாசகி, சூரினாம்

உருது ஆசிரியரைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டேன். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது, அதனால்தான் அவர் சொன்னது பயன்பட்டது. பிள்ளைகளின் முகத்தை மட்டும் பார்த்தார். "நீங்கள் முன் வரிசையில் நாலு பேருக்குத்தான் பாடம் நடத்துகிறீர்கள், ஜன்னலோரத்தில் இருக்கும் பெண் இருமுறை கை தூக்கினாள்" என்றார். வேறு யாரும் அதைச் சொன்னதில்லை. நான் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எழுத்துகளின் வேறுபாட்டை அவர் கையசைவால் காட்டியது அழகு. குறில் நெடிலுக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரித்து, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நமக்கு அத்தனை ஏற்பாடு வேண்டாம். இரண்டு பேர், மாதம் ஒரு பாடம். ஒரே நிபந்தனை: பார்க்கிறவர் ஆசிரியரைப் பார்க்கக்கூடாது, மூன்று பிள்ளைகளைப் பார்க்கவேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் மற்ற ஊர்த் தமிழ் ஆசிரியர்களோடு பேசுங்கள், நல்லது. ஆனால் பிள்ளைகளின் படத்தையோ பெயர் தெரியும் நோட்டையோ அதில் போடாதீர்கள்.

கேள்வி: ஆறாம் கிரேடு. பெற்றோர் மதிப்பெண் மட்டும் கேட்கிறார்கள். பாட்டும் விளையாட்டும் எதற்கு என்கிறார்கள்.
— ஓர் ஆசிரியர், பெல் ஏர்

பெற்றோரைக் கோபிக்காதீர்கள், இந்தத் தேர்வுகளில் அவர்களும் சிறுவயதில் அடிபட்டவர்கள்தான். ஒருநாள் வகுப்புக்குள் கூப்பிட்டு உட்காரவையுங்கள். என்னிடம் ஒரு தாய் வந்து, மகன் 'நான்கு பேர் சந்தைக்குப் போனார்கள்' என்று கதை சொல்வதை முதன்முதலாகக் கேட்டு அழுதுவிட்டார். அதற்கு மேல் அவர் மதிப்பெண் பற்றி என்னிடம் பேசியதில்லை. தேர்வுப் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள், அது பிள்ளைக்கு நீங்கள் செய்யும் கடமை. வாரத்தில் இரண்டு பாடவேளை போதும், மூன்றாம் தவணையில் மூன்று.

கேள்வி: வணக்கம் மிஸ். நான் ஐந்தாம் கிரேடு. தமிழில் ஏன் மூன்று 'ல' இருக்கிறது? என் மிஸ் சொல்லும்போது எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது.
— ஒரு மாணவி, ரோஸ் ஹில்

கண்ணே, இந்த மாதம் தமிழில் வந்த ஏழெட்டுக் கடிதங்களில் உன்னுடையதும் ஒன்று. ஒரு பிழைகூட இல்லை.

வால் என்றால் குரங்குக்கு இருப்பது. வாள் என்றால் சண்டை போடுவது. வாழ் என்றால் நன்றாக இரு என்பது. மூன்று 'ல'வும் இல்லாவிட்டால் உன்னை வாழ்த்த வந்தவர் உனக்கு வால் முளைக்கச் சொன்னதாகிவிடும்.

இப்போது கண்ணாடி முன் நில். 'வால்' சொல்லும்போது நாக்கின் நுனி மேல் பல்லுக்குப் பின்னால் தொடட்டும். 'வாள்' சொல்லும்போது நாக்கைப் பின்னால் மடித்து மேலண்ணத்தைத் தொடு. 'வாழ்' சொல்லும்போது அதே மாதிரி மடி, ஆனால் எங்கும் தொடாதே, காற்று மட்டும் போகட்டும். கிரியோலில் நாம் 'தமூல்' என்று சொல்கிறோமே, அதில் நாக்கு தொடுகிறது. 'தமிழ்' என்று சொல்லும்போது தொடக்கூடாது.

பத்து நாள் பழகு. பிறகு உன் மிஸ்ஸிடம் போய், "மிஸ், நாம் இருவரும் சேர்ந்து கண்ணாடி முன் சொல்லிப் பார்க்கலாமா?" என்று கேள். அவர் கோபிக்கமாட்டார். என்னிடம் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டபோது எனக்கு 41 வயது. பள்ளிக் கழிவறைக் கண்ணாடி முன் இருவரும் நின்று 'வாழைப்பழம், வாழைப்பழம்' என்று மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம். எது முதலில் வந்தது, உனக்கா உன் மிஸ்ஸுக்கா என்று எனக்கு எழுது.